நெற்றி ஏறுகிறது, உச்சி மெலிகிறது: இப்போதே முடி நடலாமா?

கேள்வி: வயது 27. நெற்றியின் இரு ஓரங்களும் மேலேறிவிட்டன. உச்சியிலும் தோல் தெரிகிறது. மருந்து வீண், உடனே முடி நட்டுக்கொள் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவசரப்பட்டு நடாதீர்கள். நீங்கள் சொல்வது ஆண்களுக்கு வரும் பரம்பரை வழுக்கை போலத் தெரிகிறது. ஆனால் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் தலை முழுக்கக் கொட்டினாலும், வட்ட வட்டமாக உதிர்ந்தாலும், தோலில் எரிச்சலோ தழும்போ இருந்தாலும் காரணம் வேறு. அதைத் தோல் மருத்துவர் முதலில் பார்த்துச் சொல்லட்டும்.

வழுக்கையின் படிநிலைகளை ஹாமில்டன் என்ற ஆய்வாளர் வகுத்தார், 1975-இல் நார்வுட் என்ற மருத்துவர் திருத்தினார். மொத்தம் ஏழு. இரண்டாம் நிலையில் ஓரங்கள் லேசாக ஏறும். மூன்றில் ஆழமாக ஏறும். உச்சியும் மெலிந்தால் அது மூன்றின் உட்பிரிவு. உங்களுடையது அநேகமாக இதுதான். நான்கில் நெற்றி, உச்சி என்ற இரண்டு வெற்றிடங்களுக்கும் நடுவே ஒரு பட்டை முடி நிற்கும்; ஐந்தில் அது மெலிந்து, ஆறில் மறையும். ஏழில் காதோரத்திலும் பின்னந்தலையிலும் மட்டுமே மிஞ்சும்.

டிஹெச்டி என்ற ஹார்மோன், மரபுவழியில் அதனால் எளிதில் பாதிக்கப்படும் வேர்ப்பைகளைச் சுருக்குகிறது. ஒவ்வொரு வளர்ச்சிச் சுற்றிலும் முடி மெலிந்து குட்டையாகிறது. சுருங்கிக்கொண்டிருக்கும் வேரை மருந்தால் மீட்கலாம். பளபளவென வழுக்கையான இடத்தில் மருந்து பெரிதாக எடுபடாது. அதனால்தான் உங்கள் நிலையில் மருந்துக்கு மதிப்பு அதிகம்.

மினாக்ஸிடில் 5 சதவீதக் கரைசல்: ஒரு முறைக்கு 1 மி.லி., நாளுக்கு இருமுறை, உலர்ந்த தலையில், முடியில் அல்ல, தோலில் படும்படி. தடவியபின் நான்கு மணி நேரம் தலை நனையக் கூடாது. முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும். பழைய முடி விழுந்து புதியது கிளம்பும் கட்டம் அது. பலர் பயந்து நிறுத்துவதும் இங்கேதான். ஆறு மாதமாவது பொறுங்கள். நிறுத்தினால் கிடைத்த பலன் சில மாதங்களில் போய்விடும்.

ஃபினஸ்டரைடு 1 மி.கி. மாத்திரை டிஹெச்டியையே குறைக்கிறது. உதிர்வை நிறுத்துவதில் இந்த இரண்டில் இதுவே வலுவானது. சிலருக்குப் பாலுணர்வு குறையும், விறைப்பில் சிக்கல் வரும், மனச்சோர்வும் வரலாம். தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். புராஸ்டேட் சுரப்பிக்கான ரத்தப் பரிசோதனையில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவை இது பாதியாகக் குறைத்துக் காட்டும். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக் கூடாது.

சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த தட்டணுக்களைத் தலைத்தோலில் செலுத்தும் பிஆர்பி ஊசியில் பலன் ஆளுக்கு ஆள் மாறுகிறது. தனியாக அதை நம்ப வேண்டாம்.

இனி நடுவது. பின்னந்தலை முடியைப் பெயர்த்து முன்னால் வைக்கிறார்கள். புதிதாக எதுவும் உருவாவதில்லை. கையிருப்பு அளவானது. 27 வயதில் நெற்றிக்கோட்டைத் தாழ்வாக வைத்து அதைச் செலவழித்தால், நட்ட முடிக்கு அடுத்துள்ள சொந்த முடி தொடர்ந்து உதிரும்போது முன்னால் ஒரு தனித் திட்டு நிற்கும். அதை நிரப்பப் பின்னந்தலையில் இருப்பு இருக்காது. வேர்களை ஒவ்வொன்றாக எடுக்கும் எஃப்யூஇ முறையிலும், அளவுக்கு மீறி எடுத்தால் பின்னந்தலை பூச்சி அரித்ததுபோல ஆகும்.

ஓராண்டு மருந்துக்குப் பின் உதிர்வு நின்றிருந்தால், முப்பதை ஒட்டி நடுவதைப் பற்றிப் பேசலாம். மாதம் ஒருமுறை ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில் உச்சியையும் நெற்றியையும் படமெடுத்து வையுங்கள், கண்ணாடி ஏமாற்றும். நட்ட முடியும் முதல் சில வாரங்களில் உதிரும், மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கும், முழுப்பலன் தெரிய ஓராண்டு ஆகும். நட்டபிறகும் சொந்த முடியைக் காக்க மருந்தைத் தொடர வேண்டும்.