விலை எழுதாத பாரும் டிப்ஸ் கணக்கும்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நியூயார்க் வந்து மூன்று மாதம் ஆகிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் ஆட்களோடு மன்ஹாட்டனில் ஒரு பாருக்குப் போயிருக்கிறீர்கள். ஸ்காட்ச் கேட்டதும் "எது வேண்டும்?" என்று பார்டெண்டர் பெண் திருப்பிக் கேட்க, சட்டென்று பெயர் எதுவும் வாய்க்கு வராமல் "நல்லதா ஒன்று" என்று சொல்லிவிட்டீர்கள். இரண்டு கிளாஸ், வரியோடு 52 டாலர் 26 சென்ட். விலை எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஏமாற்றிவிட்டார்கள் என்ற எரிச்சலில் ஒரு டாலரை வைத்துவிட்டு எழுந்திருக்கிறீர்கள். கூட வந்தவர் ஒன்றும் பேசாமல் பத்து டாலர் எடுத்து வைத்ததைப் பார்த்ததிலிருந்து உங்களுக்கு மனசு சரியில்லை. ஏமாற்றினார்களா, டிப்ஸ் கட்டாயமா, எவ்வளவு வைப்பது, அந்தப் பாருக்கு இனிப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாற்றவில்லை. முதலில் அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

நாம் எம்.ஆர்.பி. பார்த்தே வளர்ந்தவர்கள். பாட்டிலிலும் விலை, மெனுவிலும் விலை, 30 மில்லி இவ்வளவு, 60 மில்லி இவ்வளவு என்று அச்சடித்திருக்கும். இங்கே பாதிச் சரக்குக்குத்தான் விலை எழுத்தில் இருக்கும். குழாய் பீர் என்றால் சுவரில் ஒரு பலகையில் எழுதிவைத்திருப்பார்கள். அந்தக் கடையின் சொந்த காக்டெயில்கள் ஒரு அட்டையில் இருக்கும். ஆனால் பின்னால் அடுக்கிவைத்திருக்கும் நூறு பாட்டிலுக்கும் தனித்தனியாக விலை எழுதியிருக்காது. அடிக்கடி வருகிறவர்களுக்குத் தோராயமாகத் தெரியும், மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

அந்த அடுக்கில் ஒரு ஒழுங்கு உண்டு. கவுண்டருக்குக் கீழே, பார்டெண்டரின் கை எட்டுகிற இடத்தில் இருக்கும் வரிசைக்கு 'வெல்' என்று பெயர். நீங்கள் பெயர் சொல்லாமல் 'ஜின் அண்ட் டானிக்' என்று மட்டும் கேட்டால் அந்த வரிசையிலிருந்துதான் ஊற்றுவார்கள். அதுதான் விலை குறைவு. பிராண்ட் பெயர் சொல்லிக் கேட்டால் அதற்கு மேல் சில டாலர். கண்ணாடிக்கு முன்னால் உயரத்தில் இருப்பது 'டாப் ஷெல்ஃப்'. அங்கே போனால் உச்சவரம்பு கிடையாது. ப்ளூ லேபிள் மாதிரி ஒன்று ஒரே கிளாஸ் 50 டாலரைத் தாண்டும். நீங்கள் "நல்லதா" என்று சொன்னீர்கள். அந்தப் பெண் நடு அடுக்கிலிருந்து 24 டாலர் சரக்கை எடுத்திருக்கிறார். இன்னும் மேலே கை நீட்டியிருந்தால் நீங்கள் என்ன செய்திருக்க முடியும்? அவர் உங்களிடம் நியாயமாகவே நடந்துகொண்டார் என்றுதான் நான் சொல்வேன்.

அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே வழக்கமான ஒரு ஊற்று ஒன்றரை அவுன்ஸ், ஏறக்குறைய 45 மில்லி. ஐஸ் மட்டும் போட்டோ, எதுவும் கலக்காமலோ விஸ்கி கேட்டால் பல இடங்களில் இரண்டு அவுன்ஸ் ஊற்றி, அதற்கு இரண்டு மூன்று டாலர் கூடுதலாகப் போடுவார்கள். பில்லில் அந்தக் கூடுதல் தொகையைப் பார்த்துத் திருட்டு என்று சண்டைக்குப் போன நம் ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் குடித்தது நம் ஊர்ப் பெரிய பெக் அளவு. நியூயார்க் நகரத்தில் விற்பனை வரி 8.875 சதவீதம், அதுவும் மேலே ஏறும். சில சின்ன பார்களில் மட்டும் வரியையும் சேர்த்தே விலை சொல்வார்கள்.

ஆகவே கேளுங்கள். "ஹவ் மச் இஸ் தட் ஒன்?" போதும். பாட்டிலைக் கையில் எடுத்த பிறகும் கேட்கலாம். விலையைக் கேட்டுவிட்டு "வேண்டாம், இதைவிடக் குறைவாக என்ன இருக்கிறது?" என்றும் கேட்கலாம். எந்தப் பார்டெண்டரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. காய்கறிச் சந்தையில் கத்திரிக்காய் விலையை நாலு கடையில் கேட்டுவிட்டு வாங்குகிற நாம், வெள்ளைக்காரக் கூட்டத்துக்கு நடுவில் நின்று விலை கேட்டால் கௌரவக் குறைச்சல் என்று நினைத்துவிடுகிறோம். அந்தக் கூச்சத்தில் வாயை மூடிக்கொண்டு குடிக்கிறோம். பில் வந்ததும் கோபம் வருகிறது. அந்தக் கோபத்தை இறக்கிவைக்க டிப்ஸ் என்று ஒரு இடம் காலியாக இருக்கிறது. நீங்கள் செய்தது அதுதான். நானும் செய்தேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2009-இல் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் பக்கம் இர்விங்கில் வந்து இறங்கினேன். இரண்டாவது மாதமோ என்னவோ, நான்கு பேர் ஒரு பாருக்குப் போனோம். பில் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். நான்காகப் பிரித்து, சென்ட் வரை எண்ணி வைத்துவிட்டு வெளியே வந்தோம். காரை எடுப்பதற்குள் எங்களுக்குப் பரிமாறிய பெண் வாகன நிறுத்தம் வரை ஓடிவந்தார். சண்டைக்கு இல்லை. "நான் ஏதாவது தப்பாக நடந்துகொண்டேனா?" என்று கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எங்களில் ஒருவன் இருபது டாலரைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டான். அந்தப் பெண்ணின் முகம் இன்னும் எனக்கு ஞாபகத்தில் இருக்கிறது.

சில மாதம் கழித்து என் பக்கத்து வீட்டில் இருந்தவர், அவரும் ஒரு பாரில் வேலை பார்த்தவர், தன் சம்பளச் சீட்டை எனக்குக் காட்டினார். இரண்டு வார வேலை. கையில் வரும் தொகை என்ற இடத்தில் பூஜ்யம்.

அதன் கணக்கு இதுதான். அமெரிக்காவின் மத்திய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவருக்கு முதலாளி தன் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதியை டிப்ஸ் நிரப்பும் என்பது சட்டத்தின் கணக்கு. நிரப்பாவிட்டால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். அந்த 2.13 என்ற எண் 1991-இலிருந்து மாறவே இல்லை. டெக்சாஸில் இன்றும் அதுதான். டிப்ஸுக்கும் சேர்த்து வரி பிடித்ததால், அந்தச் சின்னச் சம்பளம் வரியிலேயே கரைந்து அவர் சீட்டில் பூஜ்யம் வந்தது. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் வாடகை கட்டியது முழுக்க முழுக்க கவுண்டரில் விழுந்த காசில். "உங்கள் ஊர் ஆட்கள் வந்து உட்கார்ந்தால் அன்றைக்கு எனக்கு வருமானம் இல்லை என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்" என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார். எனக்கு அது வலித்தது. நமக்குப் பின்னால் வருகிற தமிழ்ப் பையனுக்கும் சேர்த்துத்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொள்கிறது.

நீங்கள் இருக்கும் நியூயார்க் நகரத்தில் நிலைமை கொஞ்சம் மேல். 2025-இல் குறைந்தபட்சக் கூலி 16.50 டாலராக இருந்தது, அதில் டிப்ஸ் வாங்கும் உணவக ஊழியருக்கு முதலாளி நேரடியாகக் கொடுக்க வேண்டியிருந்தது 11 டாலர். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற சில மாநிலங்களில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் குறைக்கும் இந்த ஏற்பாடே கிடையாது, முழுக் கூலியும் முதலாளி கொடுத்தாக வேண்டும். ஆனாலும் அங்கேயும் டிப்ஸ் வழக்கம் மாறவில்லை. இன்னொன்று, நீங்கள் வைக்கும் காசு ஒருவருக்கு மட்டும் போவதில்லை. கிளாஸ் கழுவி, ஐஸ் சுமந்து, பீப்பாய் மாற்றும் உதவியாளருக்கும் அதில் பங்கு உண்டு. பல இடங்களில் அந்தப் பங்கை விற்பனைத் தொகையை வைத்துக் கணக்கிடுவார்கள். நீங்கள் ஒன்றும் வைக்காமல் போனால் பார்டெண்டர் தன் கையிலிருந்து கொடுக்க வேண்டிவரும். முதலாளியோ மேனேஜரோ ஊழியர்களின் டிப்ஸில் கைவைக்கக் கூடாது என்பது 2018-இலிருந்து மத்திய சட்டம்.

"விலையையே கூட்டிவிட்டு ஒழுங்காகச் சம்பளம் கொடுத்தால் என்ன?" என்று நீங்கள் கேட்டது நியாயம். நானும் அந்தக் கட்சிதான். இந்த வழக்கத்தின் வேரும் அழகானது இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வேலைக்கு வைத்துக்கொண்டு கூலியைக் கொடுக்காமல் டிப்ஸை நம்பி விட்ட ரயில், ஹோட்டல் முதலாளிகளால்தான் இது இங்கே வேர் பிடித்தது. வாஷிங்டன் மாநிலம் 1909-இல் டிப்ஸையே தடைசெய்து பார்த்தது, வேறு ஐந்து மாநிலங்களும் பின்னால் வந்தன. 1926-க்குள் அந்தத் தடைச் சட்டங்கள் எல்லாம் போய்விட்டன. உங்கள் நியூயார்க்கிலேயே டேனி மேயர் என்ற உணவக முதலாளி 2015-இல் தன் உணவகங்களில் டிப்ஸை ஒழித்து விலையில் சேர்த்தார். 2020-இல் மறுபடி டிப்ஸுக்கே திரும்பினார். இது மாற வேண்டும் என்று நினைத்தால் சட்டம் மாறக் குரல் கொடுப்போம். அதுவரை அன்றைக்கு நமக்கு ஊற்றிக்கொடுத்தவரின் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு அதைக் கொள்கை என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆகவே, சட்டப்படி டிப்ஸ் கட்டாயமில்லை. நான் கட்டாயம் என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, எவ்வளவு? ஒவ்வொரு கிளாஸுக்கும் அப்போதைக்கப்போது ரொக்கமாகக் கொடுத்தால், பீருக்கு ஒரு டாலர், காக்டெயிலுக்கு இரண்டு டாலர். கார்டைக் கொடுத்துக் கணக்கு வைத்துக் குடித்தால், அதைத்தான் 'டேப்' என்பார்கள், கடைசியில் மொத்தத்தில் 18 முதல் 20 சதவீதம். நியூயார்க்கில் ஒரு சுலப வழி உண்டு. பில்லில் வரி எவ்வளவு என்று பார்த்து அதை இரட்டிப்பாக்குங்கள், கிட்டத்தட்ட 18 சதவீதம் வந்துவிடும். உங்கள் பில்லில் வரி 4.26. இரட்டித்தால் எட்டரை டாலர். உங்கள் நண்பர் அதைத்தான் பத்தாக முழுமையாக்கி வைத்திருக்கிறார்.

கார்டு விஷயத்தில் நம்மைப் போலப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. டேப் திறக்கும்போது ஒரு தொகையை உங்கள் கார்டில் நிறுத்திவைப்பார்கள். கிரெடிட் வரலாறு இல்லாமல் 300, 500 டாலர் வரம்புள்ள கார்டோ, டெபிட் கார்டோ வைத்திருந்தால், பில் கட்டிய பிறகும் அந்தத் தொகை சில நாள் மாட்டிக்கொண்டிருக்கலாம். வாடகை போகும் கணக்கின் டெபிட் கார்டைப் பாரில் கொடுக்காதீர்கள். கிளம்பும்போது "க்ளோஸ் அவுட்" என்று சொல்லிக் கணக்கை முடித்துவிட்டுத்தான் எழ வேண்டும். மறந்து போய்விட்டால் பல இடங்களில் கடையே தன் கணக்குப்படி டிப்ஸைச் சேர்த்து முடித்துவிடும். கையெழுத்துச் சீட்டில் டிப் என்ற இடத்தைக் காலியாக விடாதீர்கள். ரொக்கமாக வைத்திருந்தால் அங்கே 'கேஷ்' என்று எழுதி, மொத்தத் தொகையையும் நீங்களே நிரப்புங்கள்.

ஆறு பேர், எட்டு பேர் போனால் பில்லை மேலிருந்து கீழாகப் படியுங்கள். சர்வீஸ் சார்ஜ் என்றோ கிராஜுவிட்டி என்றோ ஏற்கெனவே 18, 20 சதவீதம் சேர்ந்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் மேலே இன்னொரு இருபது சதவீதம் எழுதிய சம்பவம் எங்கள் ஆபீஸிலேயே நடந்தது. சேர்த்திருந்தால் அதுவே போதும். அந்தப் பணம் ஊழியருக்குப் போகிறதா என்று சந்தேகம் வந்தால் பரிமாறியவரிடமே கேளுங்கள், சொல்வார்கள்.

அப்புறம், நியூயார்க்கில் இன்னும் சில பழைய பார்களில் மூன்று நான்கு கிளாஸ் குடித்தவருக்கு அடுத்ததைப் பார்டெண்டர் இலவசமாகக் கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. அதற்குக் காசு இல்லை என்றாலும் டிப்ஸை அதையும் சேர்த்தே வையுங்கள். குடிக்காத நண்பர் கூட வந்தால் அவர் எலுமிச்சை போட்ட சோடா வாங்கிக்கொள்ளலாம். பல நேரம் அதற்கு விலையே கேட்க மாட்டார்கள். ஒரு டாலர் வைத்தால் மரியாதை.

காபிக் கடையிலும் பார்சல் கடையிலும் திரையைத் திருப்பி 18, 20, 25 என்று காட்டுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அங்கே பூஜ்யம் அமுக்கினாலும் குற்றமில்லை. மழையிலும் பனியிலும் சாப்பாடு கொண்டுவருகிறவருக்கு மட்டும் கை சுருக்காதீர்கள்.

அந்தப் பாருக்குத் தாராளமாகப் போங்கள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வேண்டாம், செவ்வாய், புதன் ஆறு மணிக்குப் போனால் பார்டெண்டருக்குப் பேச நேரம் இருக்கும். பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள். 21 வயது ஆகிவிட்டதா என்று வாசலிலேயே பார்ப்பார்கள், நம் ஊர் லைசென்ஸைப் பல இடங்களில் ஏற்பதில்லை. அன்றைக்குப் பத்து டாலர் வைத்த அந்த நண்பரையும் கூட்டிப்போங்கள். காசைத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டார். முதல் ரவுண்டு என்னுடையது என்று சொல்லிவிட்டு, விலையைக் கேட்டு நீங்களே ஆர்டர் செய்து, டிப்ஸையும் நீங்களே வையுங்கள்.