பழைய அச்சழுத்தக் கண்ணாடிப் பூத்தாங்கியை எப்படி அடையாளம் காண்பது?

உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் இட்டு, உலோகத் தண்டால் அழுத்திச் செய்வதே அச்சழுத்தக் கண்ணாடி. கொழுக்கட்டை அச்சில் மாவை வைத்து விரலால் அழுத்தினால் வெளியே வரிகளும் உள்ளே வழவழப்பும் அமைவதைப் போல, இதிலும் சித்திரவேலை வெளிப்புறத்தில் மட்டுமே இருக்கும். அச்சின் பாகங்கள் கூடிய இடத்தில் மெல்லிய கோடொன்று விரலுக்குத் தட்டுப்படும். அச்சுக்குள் ஊதிச் செய்த கண்ணாடியிலோ உட்புறமும் வெளி வடிவத்தையே பின்பற்றும்.

விக்டோரியா கால இங்கிலாந்தின் பூத்தாங்கிகளில் முத்திரையைத் தேடுவதே, என் பார்வையில், நிறத்தைப் பார்ப்பதைவிட நம்பகமானது. கேட்ஸ்ஹெட் நகரின் சோவர்பி நிறுவனம் மயில் தலையைப் பொறித்தது. 1842 முதல் 1883 வரை பதிவான வடிவங்களில் சாய்சதுரக் குறியும், 1884 முதல் பதிவு எண்ணும் காணப்படலாம். இவற்றைத் தயாரிப்புத் தேதி என்று பலர் கொள்வது தவறு. அவை வடிவம் பதிவான காலத்தையே குறிக்கின்றன, அதே அச்சில் பல ஆண்டுகள் கழித்தும் பொருள்கள் செய்யப்பட்டிருக்கலாம்.