பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர் டாக்டருக்குப் படிக்க முடியுமா?

கேள்வி: என் மகள் நாமக்கல்லில் பிளஸ் டூ படிக்கிறாள். கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் குரூப். அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது, டாக்டருக்குத்தான் படிப்பேன் என்கிறாள். உயிரியல் இல்லாமல் நீட் எழுத முடியுமா? மறுபடி பிளஸ் ஒன்னில் சேர்க்க வேண்டுமா?

பதில்: எழுதலாம் அம்மா. ஆனால் வருகிற மே மாத நீட் அல்ல, அதற்கடுத்த ஆண்டு நீட். மறுபடி பிளஸ் ஒன் தேவையில்லை. இந்த நேரத்தில் பள்ளியையோ குரூப்பையோ மாற்றவே மாற்றாதீர்கள்.

முன்பெல்லாம் இரண்டு ஆண்டும் உயிரியலைச் செய்முறையோடு பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்றார்கள். 2023 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தளர்த்திவிட்டது. பிளஸ் டூ முடித்த பிறகு, அங்கீகாரம் பெற்ற வாரியம் ஒன்றில் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட்டுக்குத் தகுதி உடையவர்களே.

இதற்குப் பலரும் போவது என்.ஐ.ஓ.எஸ். எனப்படும் தேசிய திறந்தநிலைப் பள்ளிக்கு. பிளஸ் டூ முடித்தவர்கள் அங்கே ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்து எழுதலாம். ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. உங்கள் மகளுக்கு ஏற்றது அக்டோபர் தேர்வு. அதற்கான சேர்க்கைத் தேதியை இப்போதிருந்தே அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துக்கொண்டிருங்கள். உயிரியலில் செய்முறைத் தேர்வும் உண்டு. ஒதுக்கப்படும் மையத்துக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். அப்புறம், இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதமும், பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதமும் வேண்டும். அதனால் இப்போது எழுதப்போகும் இயற்பியல், வேதியியல் பொதுத்தேர்வு மதிப்பெண்ணும் கணக்கில் வரும்.

"மூன்றே மாதத்தில் வேறு மாநில வாரியத்தில் புது பிளஸ் டூ சான்றிதழ் வாங்கித் தருகிறோம்" என்று யாராவது வந்தால் தயவுசெய்து ஒதுங்கிவிடுங்கள். கலந்தாய்வில் சான்றிதழ் சரிபார்க்கும்போது மாட்டிக்கொள்வது பிள்ளைதான்.

இனி கடினமான பகுதிக்கு வருகிறேன். நீட்டில் 180 கேள்விகள், 720 மதிப்பெண். அதில் பாதி, அதாவது 90 கேள்விகள், 360 மதிப்பெண், உயிரியல். மற்ற மாணவர்கள் இரண்டு ஆண்டு படித்ததை உங்கள் மகள் ஓர் ஆண்டில் படிக்க வேண்டும். அவள் பக்கம் ஒரு பலமும் இருக்கிறது: உயிரியல் மாணவர்கள் பலர் தடுமாறுவது இயற்பியல் கணக்குகளில், கணிதம் படித்தவளுக்கு அந்தப் பயம் குறைவு.

அந்த ஓர் ஆண்டு நீட் பயிற்சிக்குப் பணம் கட்டுவதற்கு முன், அரையாண்டு விடுமுறையில் என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்பு உயிரியல் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். செல் பற்றிய பாடத்தையும், தாவரங்கள் பற்றிய ஒரு பாடத்தையும் அவளாகவே படிக்கட்டும். இரண்டாவது முக்கியம். மனித உடலைப் பற்றிப் படிக்க எல்லாருக்கும் ஆசை வரும். பூவின் பாகங்களையும் தாவர வகைப்பாட்டையும் மனப்பாடம் செய்யும்போதுதான் பொறுமை தெரியும். இரண்டு வாரம் கழித்து, படித்ததை உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். புத்தகத்தைத் தொடவே இல்லை என்றால், கோபப்படாமல் உட்கார்ந்து பேசுங்கள். கணக்குப் பாடத்தின் பயத்தால் வந்த ஆசையாகவும் இருக்கலாம். டாக்டர் ஆக வேண்டும் என்று எப்போதிலிருந்து நினைக்கிறாள், யாரைப் பார்த்து நினைத்தாள் என்று கேளுங்கள்.

பொறியியல் கலந்தாய்வுக்கும் விண்ணப்பித்து வையுங்கள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குத்தான் கட்-ஆஃப் போடுவார்கள். ஆனால் நீட்டுக்குப் படிப்பது என்று முடிவெடுத்துவிட்டால், பேருக்கு ஒரு கல்லூரியில் சேர்ந்துவிட்டுப் பாதியில் வெளியேறுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கட்டணமும் போகும், சான்றிதழ்களைத் திரும்ப வாங்க அலையவும் வேண்டியிருக்கும், படிப்பும் இரண்டு பக்கமும் சிதறும்.

மருத்துவத் துறையில் இருந்தால் போதும் என்பது அவள் எண்ணமானால், ஓர் ஆண்டு காத்திருக்கவே வேண்டாம். பி.பார்ம். படிப்புக்கு இயற்பியல், வேதியியலுடன் கணிதம் இருந்தாலே போதும். உயிர்மருத்துவப் பொறியியலுக்கும் அவள் குரூப் பொருந்தும். பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபிக்கு மட்டும் உயிரியல் வேண்டும். இவற்றை அவள் முன் வைத்துவிட்டு, பொதுத்தேர்வு முடியும்வரை முடிவைத் தள்ளிப்போடுங்கள்.