சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதல் இரு பகுதிகள் எவ்வாறு இணைக்கப்பட்டன?

இரண்டு கலங்கள் தாமாகவே இணைந்துகொள்ளக் கூடுமெனில் மனிதர்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். 1998 டிசம்பரில் நடந்த எண்டெவர் விண்ணோடப் பயணமே இதற்கு நல்ல விடை.

ரஷ்யா செலுத்திய சார்யா என்னும் பகுதி நவம்பர் 20 முதல் சுற்றுப்பாதையில் இருந்தது. அமெரிக்காவின் யூனிட்டி பகுதியைச் சுமந்துகொண்டு, ராபர்ட் கபானா தலைமையில் ஆறு பேர் டிசம்பர் 4 அன்று புறப்பட்டனர். யூனிட்டியை முதலில் விண்ணோடத்தின் இணைப்பு வாயில்மீது நிமிர்த்திப் பொருத்திய நான்சி கரி, பின்னர் சுமார் 15 மீட்டர் நீளமுள்ள இயந்திரக் கையால், 19 டன்னுக்கும் மேற்பட்ட சார்யாவைப் பற்றி அதன் மேலே கொண்டுவந்தார். யூனிட்டியே பார்வையை மறைத்ததால் கேமராக் காட்சிகளைக் கொண்டே அவர் இதைச் செய்ய வேண்டியிருந்தது என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது. சில அங்குல இடைவெளி எஞ்சியபோது, விண்ணோடத்தின் உந்துபொறிகளை இயக்கி இரண்டையும் சேர்த்தனர்.

ஆனால் சேர்ந்துவிட்டதாலேயே அவை ஒரே நிலையமாகிவிடவில்லை. ஜெர்ரி ராஸும் ஜேம்ஸ் நியூமனும் மூன்று விண்நடைகளில், மொத்தம் 21 மணி நேரத்துக்கும் அதிகமாக வெளியே உழைத்து, மின்சாரமும் தகவலும் பாய்வதற்கான சுமார் 40 கம்பி இணைப்புகளைக் கைகளாலேயே பொருத்தினர்; சார்யாவில் விரியாமல் சிக்கியிருந்த இரு ஆன்டெனாக்களையும் நீண்ட கோலால் விடுவித்தனர். எதிர்பாராத இத்தகைய பழுதுக்குத்தான் மனிதர் தேவைப்பட்டனர்.

டிசம்பர் 10 அன்று, கபானாவும் ரஷ்யரான செர்கேய் கிரிகால்யோவும் அருகருகே மிதந்தபடி ஒன்றாக உள்ளே நுழைந்தனர்.