வேலைக்குப் போய்க்கொண்டு, குடும்பத்தையும் பார்த்துக்கொண்டு, வாசிப்பையும் சினிமாவையும் விடாமல் நாவல் எழுத முடியுமா? அப்படி எழுதுபவரின் ஒரு நாள் எப்படி இருக்கும்?

முடியும். தமிழ் நாவலாசிரியர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். தி. ஜானகிராமன் வானொலியில் வேலை பார்த்தார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. சுஜாதா பெங்களூரில் பொறியாளர். பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்தார், இமையம் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தார். எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வேலை பார்ப்பவரின் நாவல் பாதியில் நிற்பதற்கு நேரமின்மையைக் காரணம் சொல்வார்கள். என் கணிப்பில் இடைவெளிதான் காரணம். சிறுகதையை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். நாவல் ஓராண்டு, இரண்டாண்டு தலைக்குள் குடியிருக்க வேண்டிய சாமான். நாலு நாள் தொடாமல் இருந்துவிட்டு ஐந்தாம் நாள் உட்கார்ந்தால், கதாநாயகி என்ன மனநிலையில் கதவைச் சாத்திவிட்டுப் போனாள் என்பதே மறந்திருக்கும். அதை மீட்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விடும். கையில் இருப்பதே ஒரு மணி நேரம் என்றால் மிச்சம் கால் மணி. அதனால்தான் ஞாயிறு மட்டும் ஆறு மணி நேரம் உட்காருபவரைவிடத் தினமும் ஒரு மணி நேரம் உட்காருபவர் முன்னே போகிறார்.

19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆந்தனி டிரொலோப் அஞ்சல் துறையில் அதிகாரியாக இருந்துகொண்டே தன் 47 நாவல்களில் பலவற்றை எழுதினார். காலை 5.30-க்கு மேசைக்கு வந்து 8.30-க்கு எழுந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினார் என்பதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் முதல் அரை மணி நேரம் அவர் எதுவும் எழுதவில்லை, முந்தின நாள் எழுதியதைப் படித்தார் என்பதை விட்டுவிடுவார்கள். அந்த அரை மணிதான் மற்ற இரண்டரை மணிக்கும் சாவி. இன்னொன்று, அவரை எழுப்பிக் காப்பி கொடுக்க ஒரு வேலைக்காரருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்துவந்தார். நம் வீட்டில் அந்த 5 பவுண்டு வேலையைச் செய்வது யார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அளவைப் பற்றி முதலில். ஆங்கிலப் புத்தகங்களில் சொல்லும் 'தினம் 1000 சொல்' தமிழுக்குப் பொருந்தாது. 'போய்விட்டிருந்தாள்' நமக்கு ஒரே சொல், அவர்களுக்கு மூன்று நான்கு. டெம்மி என்னும் வழக்கமான புத்தக அளவில் 300 பக்க நாவல் தோராயமாக 65,000 முதல் 70,000 சொல் வரும். தினம் 300 சொல், வாரம் 5 நாள் என்றால் வாரத்துக்கு 1,500. 70,000-ஐத் தொட 47 வாரம். பண்டிகை, காய்ச்சல், ஊர்ப் பயணம் எல்லாம் கழித்தால் முதல் வரைவுக்கு ஓராண்டும் சில மாதங்களும். ஜெயமோகன் 2014 ஜனவரி முதல் 2020 ஜூலை வரை தினம் ஓர் அத்தியாயமாக 26 நாவல்கள் கொண்ட 'வெண்முரசு' எழுதினார் என்பது உண்மை. அதைப் பார்த்து உங்கள் அளவை வைத்துக்கொண்டால் மூன்றாம் வாரமே படுத்துவிடுவீர்கள்.

நாள் இப்படி அமையலாம். 4.50-க்கு எழுந்து 5 மணிக்கு உட்காருங்கள். முதல் 15 நிமிடம் நேற்றைய பக்கங்களைப் படிப்பது. அப்போது இரண்டு மூன்று சொல்லைத் திருத்தலாம், பத்தியை மாற்றக் கூடாது. அடுத்து 50 நிமிடம் எழுத்து. கடைசி 5 நிமிடம்தான் முக்கியமானது: நாளை என்ன நடக்கப்போகிறது என்று இரண்டு வரி குறித்துவைத்துவிட்டு எழுந்திருங்கள். காட்சியை முழுக்க முடித்துவிட்டு எழுந்தால் மறுநாள் வெற்றுத் தாள் முன்னால் உட்கார வேண்டிவரும். அடுத்தது என்ன என்று தெரிகிற இடத்தில் நிறுத்த வேண்டும் என்று ஹெமிங்வே சொன்னதும் இதைத்தான். பாதி உரையாடலில் நிறுத்துவது இன்னும் நல்லது. பதில் சொல்ல வேண்டிய ஆள் நாள் முழுக்க உங்கள் கூடவே பஸ்ஸில் வருவார்.

6.10-க்கு மேல் வீடு விழித்துவிடும். மோட்டார் போட வேண்டும், பால்காரர் வருவார், டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். அதற்குமேல் ஒரு வரி எழுதிவிடலாம் என்று இழுப்பவர்களுக்கு எழுத்தும் கெடும், வீட்டில் பேரும் கெடும்.

இங்கே அந்த 5 பவுண்டு. 'விடியற்காலையில் எழுதுங்கள்' என்பது பெரும்பாலும் ஆண்கள் ஆண்களுக்குச் சொல்லும் யோசனை. சட்னிக்குத் தேங்காய் துருவ வேறொருவர் இருக்கும் வீட்டில்தான் அது நடக்கும். கவிஞரும் நாவலாசிரியருமான சல்மா வீட்டாருக்குத் தெரியாமல் மறைந்து எழுதியவர். அந்தப் புனைபெயரே அதற்காக வந்தது. சமையல் பொறுப்பு உங்களுடையது என்றால் காலை 5 மணியை மறந்துவிட்டு, வீடு காலியாகும் நேரத்தையோ, அலுவலக மதிய இடைவேளையில் 35 நிமிடத்தையோ பிடியுங்கள். எந்த வேளை என்பது முக்கியமில்லை, தினமும் அதே வேளையாக இருக்க வேண்டும். வீட்டில் பேசும்போது 'எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் அது நிற்காது. 'திங்கள் முதல் வெள்ளி வரை 5 முதல் 6.10 வரை கூப்பிடக் கூடாது. பதிலுக்குச் சனிக்கிழமை பிள்ளைகளும் சமையலும் என் பொறுப்பு' என்று மணிக்கணக்கோடு பேசினால் நிற்கும். கணவன் மனைவி இருவரில் யார் எழுதினாலும் இந்தப் பேரம் ஒன்றுதான்.

இப்படி எவ்வளவு கட்டுக்கோப்பாக வைத்தாலும் ஆண்டில் மூன்று முறையாவது அறுந்துபோகும். மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆவணியிலும் தையிலும் வாரத்துக்கு ஒரு கல்யாணம். தீபாவளிக்கு வீடு நிறைய ஆட்கள். ஆடியும் மார்கழியும் கல்யாணம் இல்லாத மாதங்கள், எழுதுபவருக்கு லாபம் என்று தோன்றும். ஆடியில் அம்மன் கோயில் ஒலிபெருக்கியும் மார்கழியில் சரியாக 5 மணிக்குத் திருப்பாவையும் வந்து சேரும். எழுத முடியாத நாளில் கடைசிப் பக்கத்தை மட்டும் பத்து நிமிடம் படித்து ஒரு வரி சேர்த்தால் போதும், நூல் அறாது.

பத்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பலரும் செய்யும் தவறு முதல் அத்தியாயத்திலிருந்து படிக்க ஆரம்பிப்பது. படித்தால் திருத்தத் தோன்றும். திருத்தினால் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள். முதல் மூன்று அத்தியாயம் எட்டு முறை திருத்தப்பட்டு நான்காவது எழுதப்படாமலே கிடக்கும் கைப்பிரதிகள் ஏராளம். கடைசி இரண்டு அத்தியாயங்களை மட்டும் படியுங்கள், கூடவே குறிப்பேட்டை.

அந்தக் குறிப்பேடு 80 பக்க நோட்டாக இருந்தாலே போதும். ஆனால் அது இல்லாமல் நாவலுக்குள் போகாதீர்கள். ஒரு பக்கத்தில் ஆள் பெயர், பிறந்த ஆண்டு, ஒவ்வொரு அத்தியாயத்திலும் வயது. அடுத்த பக்கத்தில், தமிழ் நாவலுக்கு மட்டுமே உரிய தலைவலி: யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்ற அட்டவணை. 2-ஆம் அத்தியாயத்தில் 'மதினி' என்றவள் 19-ஆம் அத்தியாயத்தில் 'அண்ணி' என்பாள். 'வாடா' என்று கூப்பிடப்பட்ட மாமா மகன் கல்யாணத்துக்குப் பிறகு 'வாங்க' ஆகிறான் என்றால் எந்த அத்தியாயத்தில் ஆகிறான்? உறவுப் பெயர் மாறினால் ஊரும் சாதியும் வட்டாரமும் சேர்ந்தே மாறிவிடும். வாசகருக்கு உடனே உறுத்தும், எழுதியவருக்கு ஓராண்டு இடைவெளியில் தெரியாது. மூன்றாவது பக்கம் காலம். 1975-ல் நடக்கும் கதையில் பையன் 'பிளஸ் டூ' படிக்க முடியாது. தமிழ்நாட்டில் அது வந்தது 1978-ல், அதற்கு முன்னால் பி.யூ.சி. என்ற கல்லூரிப் புகுமுக வகுப்பு. சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது 1975 ஆகஸ்டில். புதுப் பைசா வந்தது 1957-ல். இவற்றை எழுதும்போது தேடப் போகாதீர்கள். சந்தேகம் வந்த இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டுவிட்டு மேலே போங்கள். போனைக் கையில் எடுத்தால் அன்றைய 50 நிமிடம் முடிந்தது.

வாசிப்புக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் தேவையில்லை. எழுத்து துண்டு நேரத்தில் நடக்காது, வாசிப்பு நடக்கும். பஸ்ஸில், மின்ரயிலில், மருத்துவமனை வரிசையில் என்று தினம் 20 பக்கம் ஓடினால் மாதம் 600 பக்கம், அதாவது இரண்டு நடுத்தர நாவல். எதைப் படிப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். முதல் வரைவு ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தமான நடைகொண்ட தமிழ் நாவலைக் கையில் எடுத்தால், மூன்றாம் நாளே உங்கள் வாக்கியம் அந்த நாவலாசிரியரின் தாளத்தில் நடக்கத் தொடங்கும். எழுதுபவருக்கே அது தெரியாது, 'இன்று நன்றாக வருகிறதே' என்றுதான் தோன்றும். அந்த மாதங்களில் தன்வரலாறு, கடிதங்கள், மாவட்ட வரலாறு, பழைய இதழ்த் தொகுப்புகள் படியுங்கள். சங்கப் பாடல் பாதுகாப்பானது, அந்த நடையை யாரும் தவறிக் காப்பியடிக்க முடியாது. வரைவு முடிந்து திருத்தும் காலத்துக்கு நல்ல நாவல்களை ஒதுக்கி வையுங்கள். அப்போது அவை அளவுகோலாகும். ஜனவரி புத்தகக் காட்சியில் வாங்குவதும் இதே கணக்கில் இருக்கட்டும். மாதம் இரண்டு படிப்பவர் நாற்பது வாங்கினால் அலமாரிதான் நிறையும்.

இனி சினிமா. ஒரு தமிழ்ப் படம் இரண்டரை மணி நேரம், இரண்டு நாள் எழுத்துக்குச் சமம். ஆனால் கெடுப்பது அந்த இரண்டரை மணி அல்ல. இரவு 9.30-க்குத் தொடங்கி 12-க்கு முடிந்தால் மறுநாள் 5 மணி போய்விடுகிறது. வலைத்தொடர் இன்னும் மோசம், ஒவ்வொரு பகுதியும் 'இன்னும் ஒன்று' என்று முடியும்படிதான் எழுதப்பட்டிருக்கிறது. எனவே படம் வெள்ளி அல்லது சனி இரவு, வாரத்துக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. வீட்டாரோடு பார்க்கும் படத்தைக் குடும்பக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். 'ஆய்வுக்காக' என்று தனியாகப் பார்க்கும் படத்துக்குத்தான் எழுத்துக் கணக்கிலிருந்து நேரம் கழிய வேண்டும்.

படம் நிறையப் பார்ப்பவரின் கைப்பிரதியை இரண்டு பக்கத்தில் கண்டுபிடித்துவிடலாம். ஒவ்வொரு அத்தியாயமும் வானம், தெரு, வீடு, முகம் என்று கேமரா இறங்குவதுபோலத் தொடங்கும். ஆட்கள் முழு வாக்கியத்தில், முத்தாய்ப்போடு பேசுவார்கள். யாரும் யாரையும் இடைமறிக்க மாட்டார்கள். மனதுக்குள் ஓடுவது எதுவும் இருக்காது, ஏனென்றால் கேமராவுக்கு அது தெரியாது. நாவலுக்குத் தெரியும்; அந்த வசதியை விட்டுவிட்டு எழுதுவது இரண்டு கைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதுபோல. சினிமாவிலிருந்து எடுக்க வேண்டியது, காட்சிக்குள் தாமதமாக நுழைந்து சீக்கிரம் வெளியேறும் சுருக்கம். பெண் பார்க்கும் காட்சிக்கு வண்டி வந்து நிற்பதிலிருந்து தொடங்க வேண்டாம், காப்பி தம்ளர் வைக்கப்படுவதிலிருந்து தொடங்கலாம். ஒரு நல்ல பயிற்சி: பூமணியின் 'வெக்கை' (1982) நாவலைப் படித்துவிட்டு அதிலிருந்து வந்த 'அசுரன்' (2019) படத்தைப் பாருங்கள். நாவல் தந்தையும் மகனும் மறைந்து திரியும் சில நாட்களிலேயே நிற்கிறது. படம் தந்தையின் இளமைக்காலத்துக்குப் பெரிய இடம் கொடுக்கிறது. எதற்கு அந்தச் சேர்ப்பு தேவைப்பட்டது, நாவலுக்கு ஏன் தேவைப்படவில்லை என்று யோசித்தால் இரண்டு வடிவத்துக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடும்.

தட்டச்சு பற்றிச் சுருக்கமாக. தமிழ் 99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கையிலும் பெரும்பாலான மெய்கள் வலக்கையிலும் வரும். தினம் அரை மணி, இரண்டு வாரம் பழகினால் கை ஓடும். ஆங்கில எழுத்து வழி தட்டினால் ந, ன, ண குழப்பம் மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை பார்ப்பது) வரை துரத்தும். குரல்வழித் தட்டச்சு நடந்துகொண்டே குறிப்பு எடுக்க உதவும், வட்டார உரையாடலுக்கு ஆகாது. 'வந்துட்டாவ'வை அது என்னவாக மாற்றும் என்று சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒருங்குறியில் (யூனிகோட்) வைத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றும்போது கொ, கோ போன்றவற்றின் கொம்பும் காலும் பிரிந்துபோகும். ஒவ்வொரு நாளும் கோப்பை உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பிக்கொள்ளுங்கள்.

வரைவு முடிந்ததும் ஆறு வாரம் தொடாதீர்கள். அந்த ஆறு வாரம் குடும்பத்துக்கும், தள்ளிப்போட்ட படங்களுக்கும், அலமாரியில் காத்திருக்கும் நாவல்களுக்கும். பிறகு அச்செடுத்துக் கையில் பேனாவோடு, உரையாடல்களை மட்டுமாவது வாய்விட்டுப் படியுங்கள். 300 பக்கத்தில் 30, 40 பக்கம் போகும். பெரும்பாலும் முதல் 50 பக்கத்திலும் விளக்கம் சொல்லும் இடங்களிலும். திருத்தத்துக்கு நாலு மாதம் வையுங்கள். ஜனவரி புத்தகக் காட்சிக்குப் புத்தகம் வர வேண்டுமானால் ஆகஸ்ட், செப்டம்பரில் பதிப்பாளர் கையில் இருக்க வேண்டும். டிசம்பரில் எல்லோரும் ஒரே நேரத்தில் நெருக்குவார்கள், இரண்டாம் மெய்ப்பு பார்க்காமல் அச்சுக்குப் போகும் புத்தகங்கள் அப்போதுதான் உருவாகின்றன.

வேலையை விடலாமா என்ற யோசனை இருந்தால் ஒரு கணக்கு. விலை 350 ரூபாய், ராயல்டி 10 சதவீதம் என்றால் பிரதிக்கு 35 ரூபாய். 500 பிரதி விற்றால் 17,500. இரண்டாண்டு உழைப்புக்கு. ஒப்பந்தத்தில் மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமை நான்கும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'அனைத்து உரிமைகளும்' என்று ஒரே வரியில் இருந்தால் கையெழுத்துக்கு முன் பிரிக்கச் சொல்லுங்கள்.