எவர்சில்வர் ஷீட்டில் துருவா? கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: அண்ணே, தூத்துக்குடியில் ஓட்டல் கிச்சன் சாமான் செய்யும் பட்டறை. பில் போட்டு வாங்கிய 304 ரக எவர்சில்வர் ஷீட், அடுக்கி வைத்த இடத்திலேயே பழுப்புப் புள்ளி. ஏமாந்துவிட்டேனா?

பதில்: டீலரைத் திட்டுவதற்கு முன் அடுக்கைப் பிரித்துப் பாருங்கள் தம்பி. 304-ஐக் காப்பாற்றுவது அதிலுள்ள 18 சதவீத குரோமியம் மேற்பரப்பில் உண்டாக்கும் சில நானோமீட்டர் படலம்தான். உப்புக்காற்றின் குளோரைடு அதைக் குத்தும், காற்றுப் பட்டால் படலம் தானே ஆறிக்கொள்ளும். ஆனால் படுக்கவைத்த இரண்டு ஷீட்டுக்கு நடுவே ஈரம் புகுந்தால் அங்கே ஆக்சிஜன் போகாது, ஆறவும் ஆறாது. கறை ஓரத்திலிருந்து உள்ளே ஓடியிருந்தால் இதுதான் காரணம். பொடிப்பொடியாகச் சிதறியிருந்தால் பக்கத்தில் யாரோ எம்.எஸ். (சாதா இரும்பு) கிரைண்டிங் செய்திருக்கிறார்கள், துருப்பிடித்தது ஷீட் இல்லை, அதில் பதிந்த இரும்புத் தூள். தரையிலிருந்து தூக்கி, ரப்பர் ஒட்டிய ஸ்டாண்டில் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள். தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள், உள்ளே வியர்க்கும். டைல்ஸ் கழுவும் ஆசிட் இருந்தால் முதலில் வெளியே எடுங்கள், கறை பிடிக்க அதன் ஆவியே போதும்.

கேள்வி: மேலே பிவிசி பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதே, அது காப்பாற்றாதா?

பதில்: கீறல் விழாமல் காக்கும். வெயிலில் கிடந்தால் பசை இறுகி, உரிப்பதற்குள் உயிர் போகும்.

கேள்வி: வந்த புள்ளியை எப்படி எடுப்பது?

பதில்: லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்), வெதுவெதுப்பாக, அரைமணி நேரம் ஊறட்டும். நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். இரும்பு நார் வேண்டாம். டைல்ஸ் ஆசிட் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எதற்கு இவ்வளவு? காந்தம் ஒட்டினால் டூப்ளிகேட், அவ்வளவுதானே சார்?

பதில்: இல்லை. 430 என்ற ரகமும் அசல் ஸ்டெயின்லெஸ்தான், நன்றாகவே ஒட்டும். 202 ரகத்தில் ஒட்டாது, ஆனால் நிக்கல் குறைவு, மாங்கனீஸை ஏற்றியிருப்பார்கள், கடலோரத்தில் 304-க்கு முன்னால் அதுதான் கறுக்கும்.

கேள்வி: எங்கள் தெருவில் எல்லோரும் காந்தம்தான் வைத்துப் பார்க்கிறார்கள். என் 304-இன் மடிப்பில்கூட ஒட்டியது, அப்போ அது போலிதான்!

பதில்: மடித்ததால்தான் ஒட்டுகிறது. குளிர்நிலையில் வளைத்தால் 304-க்கும் லேசாகக் காந்தம் வரும். அதே ஷீட்டின் தட்டையான நடுவில் வைத்துப் பாருங்கள், வழுக்கும். சந்தேகம் தீரவில்லையா? மாங்கனீஸைக் காட்டும் சொட்டு மருந்தும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் வாங்கிச் சோதியுங்கள், 202 என்றால் சொட்டு சிவக்கும்.

கேள்வி: அப்போ காந்தம் சுத்தமாக உதவாதா?

பதில்: ஆணி பொறுக்க உதவும்.

கேள்வி: என் ஷீட்டிலும் பழுப்புப் புள்ளி, ஏன்?

பதில்: முதல் பதில். ஆசிட் பாட்டிலையும் பாருங்கள்.

கேள்வி: கடலோரமென்றால் 316 வாங்கலாமா?

பதில்: மாலிப்டினம் 2 முதல் 3 சதவீதம் இருப்பதால் உப்பைக் கூடுதலாகத் தாங்கும். ஈரத்தோடு அடுக்கினால் அதற்கும் கறை வரும்.

கேள்வி: இன்றைக்கு 304 கிலோ என்ன விலை?

பதில்: டீலரைக் கேளுங்கள்.