பதின்ம வயதில் பிள்ளைகள் போதைக்கும் திருட்டுக்கும் போவது கெட்ட சகவாசத்தால்தானா?

நீங்கள் கேட்கிற விதத்திலேயே தெரிகிறது, உங்கள் வீட்டில் ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு ஒரு நண்பன் இருக்கிறான், அந்த நண்பனைக் கண்டால் உங்களுக்கு ஆகாது. தப்பாக ஊகித்திருந்தால் மன்னியுங்கள். ஏனென்றால் நான் அந்த நண்பனின் அக்கா. 'அவனோடு சேராதே' என்று பல வீடுகளில் சொல்லப்பட்டவன் என் தம்பி.

சகவாசத்துக்குப் பங்கே இல்லை என்று சாதிக்க வரவில்லை. 2005-ல் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. 13 முதல் 16 வயதுவரை உள்ளவர்கள் தனியாக ஆடியபோது இருந்ததைவிட, நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது எவ்வளவோ துணிந்து அபாயத்தில் இறங்கினார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. கூட்டாளி சும்மா பக்கத்தில் நின்றாலே போதும், வற்புறுத்தவே வேண்டாம். மேடையேறி 'வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்' என்று முழங்குகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை.

சரி, அந்தக் கூட்டத்தில் அவன் ஏன் போய்ச் சேர்ந்தான்? அதையல்லவா கேட்க வேண்டும்? எங்கள் அப்பாவுக்கு வேலை போன வருடம் அது. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே அன்றைக்குச் சண்டை உண்டா இல்லையா என்று தெரிந்துவிடும். படிப்பிலும் அவன் கடைசி. அந்தப் பசங்கள் மட்டும்தான் அவன் வந்ததும் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள், மார்க் என்ன என்று ஒருத்தனும் கேட்கவில்லை. முதலில் சிகரெட், அப்புறம் கஞ்சா, அதற்குக் காசு வேண்டுமே என்று நிறுத்தியிருக்கிற வண்டிகளில் பெட்ரோல் திருட்டு. திடீரென்று தன் சட்டையைத் தானே துவைக்க ஆரம்பித்தான். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா பூரித்துப்போனார். வாடைக்குப் பயந்துதான் துவைத்திருக்கிறான்.

பள்ளிக்கு விஷயம் தெரிந்ததும் அவர்கள் செய்த காரியம்தான் எனக்கு இன்னும் எரிகிறது. இந்த மாதிரிப் பசங்களையெல்லாம் பொறுக்கியெடுத்து ஒரே பிரிவில் போட்டார்கள். மற்ற பிள்ளைகள் கெட்டுவிடக் கூடாதாம்! வம்பு செய்கிற பிள்ளைகளை ஒன்றாகச் சேர்த்துவைத்துத் திருத்தப் போனால் நிலைமை இன்னும் மோசமாகலாம் என்று தாமஸ் டிஷியன், ஜோன் மெக்கார்ட் போன்ற ஆய்வாளர்கள் 1999-லேயே எழுதிவிட்டார்கள். ஒருத்தன் தன் சேட்டையைச் சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்புக்காகவே அடுத்ததைச் செய்வான். என் தம்பி பூட்டைத் திறக்கக் கற்றுக்கொண்டது அந்த வகுப்பில்தான்.

அந்தப் பிரிவுக்கு விளையாட்டு வகுப்பும் கிடையாது, கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வார். இந்த விளையாட்டு வகுப்பைத் திருடுகிற வழக்கத்தை யார் தொடங்கிவைத்தார்களோ தெரியவில்லை. ஐஸ்லாந்தில் 1998-ல் 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையேறியவர்கள்; 2016-ல் அது 5 சதவீதம். விளையாட்டு, இசை என்று பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் போக இடம் ஏற்படுத்தினார்கள், பெற்றோரையும் கூடவே இருக்கச் சொன்னார்கள், இரவில் வெளியே சுற்ற நேரக் கட்டுப்பாடும் வைத்தார்கள். எல்லாம் விளையாட்டால் மட்டுமே வந்தது என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

'அதே வீட்டில்தானே நீயும் வளர்ந்தாய், நீ போகவில்லையே?' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். வீட்டில் சத்தம் கேட்டால் எனக்கு ஓடிப்போக அத்தை வீடு இருந்தது. அவனுக்கு அந்தக் கூட்டம் இருந்தது. அவன் செய்தது சரி என்று நான் வக்காலத்து வாங்கவில்லை, திருட்டு திருட்டுத்தான்.

நண்பனை விரட்டினால் உங்கள் பையன் வேறொருத்தனைத் தேடிக்கொள்வான். முடிந்தால் அந்த நண்பனையும் ஒருநாள் வீட்டுக்குள் கூப்பிட்டுப் பேசுங்கள். என் தம்பியை அப்படிக் கூப்பிட்ட வீடு ஒன்றே ஒன்று. அந்த வீட்டுப் பையனோடு சேர்ந்துதான் பிறகு மின்வேலை படித்து இன்றைக்குச் சம்பாதிக்கிறான். பழக்கம் முற்றிவிட்டிருந்தால் இதெல்லாம் பத்தாது, மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்களோ என்று தள்ளிப்போடாதீர்கள், அவர்கள் எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள்.